அகின்லா பாபா தராத தட்டு

1974 ஜூலை 8, திங்கள். லேகோஸ்

இன்று ஆபீசில் என் மேஜைமேல் இரண்டு காகிதம் வைத்தார்கள். ஒன்று ஒப்பந்தம். செப்டம்பரோடு முடிகிறது. மேலும் இரண்டு வருஷம் இருப்பதென்றால் கையெழுத்துப் போடவேண்டும், இல்லையென்றால் ஊருக்கு டிக்கெட். மற்றது புது வேலை. ஜோசையா அகின்லா என்ற பழைய பாடகரின் இசைத்தட்டுகளை எல்லாம் தேடிப் பிடித்து, கீறலும் இரைச்சலும் குறைத்து, ஒரே எல்.பி. தட்டாகக் கொண்டுவரவேண்டும். உறையின் பின்பக்கம் அவர் வாழ்க்கை வரவேண்டும். அதையும் நானே கேட்டு எழுதவேண்டுமாம். ஒலிப்பதிவு செய்கிறவனுக்குக் காது இருக்கிறது, ஆகவே எழுத்தும் வரும் என்று மானேஜர் முடிவு கட்டிவிட்டார்.

முதல் காகிதத்தை இழுப்பறையில் போட்டேன். இரண்டாவதைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

அகின்லா பாடுவது ஜூஜு. பெயரைக் கேட்டால் பில்லி சூனியம் போல இருக்கும், அதெல்லாம் இல்லை. யொரூபாக்காரர்களின் விருந்துப் பாட்டு. கல்யாணம், பெயர் சூட்டுவது, வயதானவர் சாவு, எதற்கும் கூப்பிடுவார்கள். கிட்டாரும் தாளமும் வைத்துக்கொண்டு, வந்திருப்பவர்களைப் பேர்பேராகச் சொல்லிப் புகழ்ந்து பாடவேண்டும். பேர் வந்தவர் எழுந்து ஆடுவார். அகின்லா இதை ஆரம்பித்துவைத்தவர்களில் ஒருவர். 1936லேயே தட்டு கொடுத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து சாதம் வைத்தேன். இன்னும் மூன்று பேருக்கு அளந்து போட்டுவிடுகிறேன். மங்கை கரூருக்குப் போய் மூன்று மாதம். பாப்பா மலேரியாவில் போய் நான்கு. மிச்சச் சாதத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

ஜூலை 10, புதன்

எபூட்டே மெட்டாவில் அகின்லாவின் வீடு. துணைக்கு எங்கள் ஸ்டூடியோ உதவியாளன் கனியு வந்தான். முன்பு அவருடைய கோஷ்டியில் சுரைக்குடுவை குலுக்கியவன். என்னை ‘ஓகா’ என்பான், முதலாளி என்று அர்த்தம். மரியாதை அதோடு சரி, மற்ற நேரம் முழுக்கக் கிண்டல்தான்.

உள்ளே போனதும் கனியு அந்தத் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். நான் ஒரு நொடி யோசித்துவிட்டு நானும் விழுந்தேன். கிழவர் சிரித்துவிட்டார்.

“இந்தியாக்காரனுக்கு இத யாரு சொல்லிக் குடுத்தது?”

“எங்க ஊர்லயும் பெரியவங்க கால்ல விழுவோம் பாபா.”

“அப்ப நீ பாதி எங்க ஆளு. உக்காரு.”

பாபா என்றால் இங்கே அப்பா, பெரியவர் எல்லாம் அதுதான். ஒல்லியாக, உயரமாக இருக்கிறார். தொப்பி ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கிறது. தச்சு வேலை பார்த்துக்கொண்டே பாடியவர். அவர் மனைவியை எல்லோரும் இயா, அதாவது அம்மா, என்கிறார்கள். பயறை அரைத்து இலையில் கட்டி வேகவைத்தது கொடுத்தார். இட்லிக்கு ஒன்றுவிட்ட தங்கை. இரண்டு சாப்பிட்டேன். பசித்ததா என்று தெரியவில்லை, கொடுத்தார் என்று சாப்பிட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

போய்விட்டு வந்தேன். மழை.

ஜூலை 17, புதன்

பாபா இன்று முதல் தட்டு கொடுத்த கதையைச் சொன்னார். கனியு மொழிபெயர்த்தான், சிரிக்கவேண்டிய இடங்களில் மொழிபெயர்ப்பதற்கு முன்னாலேயே சிரித்துத் தொலைத்தான்.

சீமையிலிருந்து வந்தவர்கள் ஒரு ஹோட்டல் அறையைப் பிடித்து, சுவரெல்லாம் கம்பளி மாட்டி, மெழுகுத் தட்டில் பதிந்தார்களாம். ஒருவன் இருமினால் அந்தத் தட்டு வீண். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம். விருந்தில் ஒரே பாட்டை அரை மணி நேரம் இழுக்கிறவர்களுக்கு மூன்று நிமிஷம் எந்த மூலைக்கு? சிவப்பு விளக்கு மின்னினால் முடிக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மின்னும்போது இவருக்குப் புகழவேண்டிய பேர்கள் பாதிக்குமேல் பாக்கி.

“ஒரே மூச்சுல எட்டுப் பேரச் சொன்னேன். மிச்சப் பேர் விட்டுப்போச்சு. தட்டு கப்பல் ஏறிப் போய், அச்சாகி, திரும்பி வந்துச்சு. விட்டுப்போனவன் ஒருத்தனும் ஒரு வருஷம் எங்கிட்டப் பேசல.”

அந்தத் தட்டு என்னிடம் இருக்கிறது. மத்தியானம் போட்டுக் கேட்டேன். கடைசியில் எட்டுப் பெயர் தடதடவென்று வருகிறது, எட்டாவது பெயரில் பாதி இல்லை. அரக்குத் தட்டு நடுவில் லேசாக வளைந்திருப்பதால் ஊசி ஏறி இறங்குகிறது. ஊசிக்கு எடை கூட்டினேன். சரியாகிவிட்டது. எடை கூட்டினால் சரியாகிற காரியங்கள் எனக்குப் பிடித்திருக்கின்றன.

மங்கை கடிதம். இருக்கிறீர்களா, வருகிறீர்களா என்று ஒரே வரி. அகின்லா வேலை முடியாமல் எப்படி வருவது என்று எழுதினேன். வேலைதான் காரணம்.

ஜூலை 24, புதன்

யாபா, இபாடான் என்று கனியு அலைந்து பதினோரு பாட்டுச் சேர்த்துவிட்டான். எல்.பி.க்குப் பன்னிரண்டு வேண்டும். விட்டுப்போனதுதான் முக்கியமானது. பேசும் மேளத்தை அகின்லா ஜூஜுவுக்குள் கொண்டுவந்த தட்டு. நம் உடுக்கை மாதிரி இடுப்பு ஒடுங்கிய மேளம். அக்குளில் இடுக்கிக் கயிற்றை அமுக்கினால் சத்தம் ஏறும், விட்டால் இறங்கும். யொரூபாவில் வார்த்தையே ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே மேளம் நிஜமாகவே பேசும். கேட்கிறவர்களுக்குப் புரியும்.

அதன் மூலத் தட்டைச் சீமைக் கம்பெனி எப்போதோ உருக்கிவிட்டது. வெளியில் எங்கும் பிரதி இல்லை. ஒன்றே ஒன்று பாபா வீட்டில் இருக்கிறது என்று கனியுவுக்குத் தெரியும்.

கேட்டேன். பாபா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“பதினொண்ணு போதும்” என்றார்.

“அது இல்லாம உங்க கதையே இல்ல பாபா.”

“பதினொண்ணு போதும்.”

திரும்பும்போது பஸ்ஸில் கனியு சொன்னான். அந்தத் தட்டில் மேளம் அடிப்பது பாபாவின் ஒரே மகன் தாயோ. பதினான்கு வருஷத்துக்கு முன்னால், இபாடானில் ஒரு விருந்தில் வாசித்துவிட்டு வரும் வழியில் லாரி கவிழ்ந்து செத்துப்போனான். அதற்குப் பிறகு பாபா பாடவில்லை. தட்டை இயா துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறார், யாரும் போட்டுக் கேட்டதில்லை.

“நீங்க விட்டுடுங்க ஓகா” என்றான்.

விடுவதாக இல்லை. ஒரு வேலையை எடுத்தால் முழுசாகச் செய்யவேண்டும்.

ஜூலை 29, திங்கள்

குழாயில் தண்ணீர் இல்லை. பீப்பாய் நிரப்ப ஆள் வரவில்லை. மானேஜர் ஒப்பந்தம் என்னாயிற்று என்றார். பார்க்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மழை விட்டிருந்தது. ஆபீஸ் கேமராவை எடுத்துக்கொண்டு போனேன். உறைக்குத் தாயோவின் பிறப்பு, இறப்பு வருஷம் வேண்டும், பாபா வாயைத் திறக்கமாட்டார். கல்லறையில் எழுதியிருக்கும் அல்லவா? ஊர்க் கல்லறைத் தோட்டத்தில்தான் என்று ஆபீசில் சொன்னார்கள். எப்படியும் ஞாயிற்றுக்கிழமை அங்கே போகிறவன்தானே. காவல்காரருக்கு என்னை நன்றாகத் தெரியும். பேரைச் சொன்னதும் கிழக்கு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். முழங்கால் உயரம் புல். விலக்கிப் பிடித்துக்கொண்டு கல்லை மட்டும் படம் எடுத்தேன். எழுத்து நன்றாக இருக்கிறது.

எடுத்த பிறகுதான் தோன்றியது, இதில் ஒரு பிரதி பாபாவுக்குக் கொடுக்கலாம். வயதாகிவிட்டது, பஸ் ஏறி இவ்வளவு தூரம் வரமுடியாது. வரமுடியாதவனுக்கு ஒருவர் படம் கொண்டுவந்து கொடுத்தால் அது எவ்வளவு பெரிய விஷயம்! மனசு இளகித் தட்டையும் கொடுப்பார்.

ஃபிலிமில் இன்னும் இரண்டு படம் பாக்கி இருந்தது. வீணாக்குவானேன் என்று இந்தப் பக்கம், பாப்பா பக்கம், வந்து அதையும் எடுத்தேன்.

ஆகஸ்ட் 7, புதன்

கெடுத்துவிட்டேன்.

படத்தை நல்ல அட்டையில் ஒட்டி, உறையில் போட்டுக் கொண்டுபோனேன். பாபா கையில் கொடுத்தேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். ஏதோ பழைய விருந்துப் படம் என்று நினைத்து முதலில் சிரித்தமுகமாகத்தான் பார்த்தார். பிறகு அவர் கை அதைக் கீழே போட்டது. போடவில்லை, விட்டது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இயா என்னவென்று பார்க்கக் குனிந்தார். கனியு பாய்ந்து அதன்மேல் காலை வைத்தான். ஆமாம், காலால் மிதித்து மறைத்தான், பிறகு எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். எதற்கும் சிரிக்கிற கனியு.

“வெளிய போங்க ஓகா” என்றான். போனேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

கனியு மத்தியானம்வரை பேசவில்லை. பிறகு டேப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்.

“பிள்ள செத்தா பெத்தவங்க புதைக்கமாட்டாங்க. மத்தவங்க எடுத்துட்டுப் போவாங்க. எங்க வச்சோம்னு அவங்ககிட்டச் சொல்லமாட்டோம். அவங்களும் கேக்கமாட்டாங்க. எங்க இருக்குன்னு ஊரே தெரிஞ்சு வச்சிருக்கும், அவங்க ரெண்டு பேரத் தவிர. தாயோவத் தூக்குனது நாங்க ஆறு பேரு. பதினாலு வருஷமா பாபா எந்தக் கல்லறைப் பக்கமும் போனதில்ல. நீங்க அத அட்டையில ஒட்டிக் குடுத்திருக்கீங்க.”

“எனக்குத் தெரியாது கனியு.”

“தெரியாதுன்னு எனக்குத் தெரியும். அவருக்கு இப்ப தெரிஞ்சுபோச்சே, அத என்ன பண்றது?”

நான் அடுத்த தட்டைத் துடைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, “அப்ப நீங்க உங்க பொண்ண...” என்று ஆரம்பித்தான். மூன்றாம் பாட்டில் இரைச்சல் அதிகமாக இருக்கிறது, இன்னொரு தடவை போடு என்றேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வேலை. பத்தாம் பாட்டு முடிந்தது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

போகவில்லை. காய்ச்சல் இல்லை, ஒன்றுமில்லை. சட்டை போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன், மாலையாகிவிட்டது.

ஆகஸ்ட் 14, புதன்

கனியுவிடம் சொல்லாமல் தனியாகப் போனேன். பாபாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம் வரும், எனக்கு யொரூபா கொஞ்சம் வரும். அது போதும், பேசப்போவது ஒன்றும் பிரமாதமில்லை.

இயா கதவைத் திறந்தார், உள்ளே வா என்று சொல்லவில்லை. மழைத் தூறலில் வாசலிலேயே நின்று சொன்னேன்.

“தப்புப் பண்ணிட்டேன் இயா. உங்க முறை எனக்குத் தெரியல. எங்க ஊர்ல வேற மாதிரி. பெரியவங்கள எரிப்போம், சின்னப் பிள்ளைகளப் புதைப்போம். அப்பாதான் தூக்கிட்டுப் போகணும். நானும் தூக்கிட்டுப் போனேன். அஞ்சு வயசு. அங்கதான் இருக்கா. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போறேன்.”

இயா இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

“நீயா? உன் கையாலயா?”

“ஆமா.”

“உனக்கு ஒருத்தரும் இல்லையா? தூக்குறதுக்கு இந்த ஊர்ல ஒரு ஆளு கூடவா இல்ல?”

இருந்தார்கள். இகெஜா மில்லில் வேலை பார்க்கும் நம்மவர்கள் நான்கு பேர் வந்தார்கள். முறைப்படித்தான் எல்லாம் நடந்தது. இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கேட்ட விதத்தில் எனக்கு ஒருவருமே இருக்கவில்லை என்றுதான் பட்டது. துண்டில் சுற்றியிருந்தது. கனமே இல்லை. அதைத்தான் இன்றுவரை மங்கையிடம்கூடச் சொல்லவில்லை, தூங்கும்போது தூக்கினால் இருக்கிற கனம்கூட இல்லை. இயாவிடம் சொன்னேன். எந்த மொழியில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

இயா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார். பாபா அதே நாற்காலியில், அதே சுவர்ப்பக்கம் பார்த்தபடி. நான் தரையில் உட்கார்ந்தேன். அப்புறம் பாபா திரும்பாமலேயே கேட்டார்.

“அவன் எடம் சுத்தமா இருக்கா?”

“இருக்கு பாபா” என்றேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

இந்தியர் சங்கத்தில் கொடியேற்றம், லட்டு. போகவில்லை. லீவு போட்டுவிட்டுக் கனியுவோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அவனே வெட்டுக்கத்தி கொண்டுவந்தான். சொல்லிவிட்ட பொய்யை நிஜமாக்கவேண்டுமே. புல்லை வேரோடு எடுத்தோம், கல்லைத் தேய்த்துக் கழுவினோம், ஓரத்துக்குச் சுண்ணாம்பு அடித்தோம். கனியு வெட்கப்பட்டான்.

“நாங்க ஆறு பேரு பாத்துக்கணும் ஓகா. ரெண்டு பேரு செத்துட்டாங்க. மத்தவங்க சோம்பேறி.”

“நீ?”

“அதுல நான்தான் முதல் சோம்பேறி.”

இந்தப் பக்கம் வரட்டுமா என்று அவன் கேட்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. கையில் நான்கு கொப்புளம்.

ஆகஸ்ட் 21, புதன்

காலையில் ஸ்டூடியோ வாசலில் டாக்ஸி. பாபாவும் இயாவும். இயா நல்ல நீலத் துணி கட்டி, தலைக்கட்டு கட்டி வந்திருந்தார். மடியில் பழைய துண்டில் சுற்றிய தட்டு.

“போடு. ஒரு தடவதான்” என்றார் பாபா.

ஒரு தடவை போதும், சரியாக இருந்தால். ஊசியை மாற்றினேன். டேப்பை இரண்டு தடவை சோதித்தேன். 

முதலில் கிட்டார். பிறகு இளமையான பாபா, குரலில் கொஞ்சம் திமிர். நடுவில் பாட்டு நின்று மேளம் மட்டும் பேசுகிறது. ஏறுகிறது, இறங்குகிறது, ஒரு கேள்வி மாதிரி நிற்கிறது. தட்டில் பாபா அதற்குச் சிரித்துக்கொண்டே பதில் பாடுகிறார். மறுபடி மேளம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொள்கிறார்கள் என்பது எனக்கே புரிந்தது. நாற்காலியில் இருந்த பாபா உதட்டை மட்டும் அசைத்துத் தன் பதில்களைத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். இயா உட்கார்ந்தபடியே தோளை ஆட்டினார். ஆடினார் என்றுதான் சொல்லவேண்டும். முகம் முழுக்கக் கண்ணீர், தோள் தாளம் தவறவே இல்லை.

“மேளம் என்ன சொல்லுது?” என்று கனியுவிடம் கேட்டேன்.

“அது அவங்களுக்குள்ள, ஓகா.”

சரி என்று விட்டுவிட்டேன். ஒலியளவு காட்டும் முள் சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொண்டேன். பதிவு சுத்தமாக வந்திருக்கிறது. இந்த ஊரில் நான் செய்த வேலைகளில் இதுதான் நல்லது.

கிளம்பும்போது இயா என்னைத் தனியாக நிறுத்தினார்.

“ஊர்ல உன் பொண்டாட்டி தனியா இருக்கா. நீ இங்க யாருக்காக உக்காந்திருக்கேன்னு எனக்குத் தெரியும். இந்தத் தட்டுக்காகன்னு எங்கிட்டச் சொல்லாத.”

நான் தட்டைத் துண்டில் சுற்றி அவர் கையில் கொடுத்தேன்.

“அந்த எடத்தக் கனியுவுக்குக் காட்டு. அவன் தெரிஞ்சு வச்சிக்குவான். அவன் பிள்ளைங்க தெரிஞ்சு வச்சிக்கும். நீ அத இங்க எறக்கி வச்சிட்டுப் போ. எங்கள்ல அப்படித்தான். பெத்தவன் அத சொமக்கக் கூடாது.”

பாபா டாக்ஸிக்குள்ளிருந்து, நேரமாகிறது என்று சத்தம் போட்டார்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

கையெழுத்துப் போடாத காகிதத்தை மானேஜரிடம் திருப்பிக் கொடுத்தேன். வருத்தப்பட்டார். மங்கைக்குத் தந்தி.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

கனியு வெள்ளை அங்கி போட்டு, பண்டிகைக்குப் போகிறவன் மாதிரி வந்தான். கல்லறைத் தோட்டத்து வாசலில் நான் நின்றுவிட்டேன். உள்ளே போகலாம், யாரும் தடுக்கவில்லை. போகவில்லை. வழியை வாயால் சொன்னேன். நேராகப் போய், குழாயடியில் இடது பக்கம், சுவரோரம் மூன்றாவது. கல் இல்லை, செங்கல் வைத்திருக்கிறேன்.

“பேரு?” என்றான்.

ஐந்து மாதமாக நான் பாப்பா என்றுதான் எழுதிவந்திருக்கிறேன். இப்போதுதான் பார்த்தேன்.

“பூங்கொடி.”

“பூங்கொடி” என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு உள்ளே போனான். நான் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எதிரே ஒரு அம்மாள் வாழைக்காய் வறுத்துக்கொண்டிருந்தார். ஒரு பஸ் ஆள் சேர்த்துக்கொண்டு போனது, இன்னொன்று வந்தது. அவன் வர நேரமாயிற்று.

“இருந்துச்சா?” என்றேன்.

“இருக்கா.”

“இவ்வளவு நேரம் என்ன பண்ணுன?”

“பேசிக்கிட்டிருந்தேன். நான் கனியு, உங்கப்பாவோட ஆளு, இனிமே நான்தான் வருவேன்னு சொன்னேன்.” கொஞ்சம் தயங்கினான். “உங்கப்பா வாசல்ல நிக்கிறாரு, ஊருக்குப் போகணும், கூப்பிடாதம்மான்னு சொன்னேன்.”

அப்போது அழுதேன். சாலையில், வாழைக்காய்க்காரம்மாள் பார்க்க, வாய்விட்டு அழுதேன். கனியு என் தோளைப் பிடித்துக்கொண்டு, பஸ் வரும் பக்கம் திருப்பி நிறுத்தினான்.